முலுண்டில் எங்கள் சுவர் தாண்டி வந்த சிறுத்தை: கூண்டு கேட்டு எழுதலாமா?

முலுண்டு குமரன்

அனைவருக்கும் வணக்கம். மும்பையின் முலுண்டு மேற்கில், சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் எல்லைச் சுவரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது எங்கள் சொசைட்டி. சென்ற வியாழக்கிழமை அதிகாலை 3.20 மணிக்கு எங்கள் சிசிடிவியில் ஒரு சிறுத்தை பதிவாகியிருக்கிறது. பின்பக்கச் சுவரிலிருந்து தண்ணீர்த் தொட்டியின் மேல் இறங்கி, கார்கள் நிற்கும் வரிசையைச் சுவரோரமாகவே கடந்து, குப்பைத் தொட்டிகள் இருக்கும் மூலையில் ஏறத்தாழ இரண்டு நிமிடம் அசையாமல் நின்றது. பிறகு படத்தின் ஓரத்தில் ஏதோ துள்ளியது தெரிகிறது, அவ்வளவுதான். வளாகத்தில் சுற்றிக்கொண்டிருந்த வால் அறுந்த நாயை அன்றிலிருந்து காணவில்லை. அதே காட்சியின் இன்னொரு மூலையில் எங்கள் வாட்ச்மேன் பிளாஸ்டிக் நாற்காலியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருக்கிறார்; அவருக்கும் அதற்கும் நடுவே நான்கு கார்கள் மட்டுமே இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடந்தது. கூண்டு வைத்துப் பிடித்துத் தொலைவில் உள்ள ஏதாவது பெரிய காட்டில் விடும்படி வனத்துறைக்கு எழுத வேண்டும் என்று பெரும்பாலோர் கூறினார்கள். செயலாளர் என்பதால் கடிதத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டியவன் நான். பூங்காவிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் சிறுத்தைகளின் எண்ணிக்கை 2015-இல் 35, 2018-இல் 47, 2024 கணக்கெடுப்பில் 54 என்று படித்தேன். எண்ணிக்கை இப்படி ஏறிக்கொண்டே போனால் காடு நிரம்பி வழிகிறது என்றுதானே பொருள்? வழிவதை அப்புறப்படுத்தச் சொல்வதில் தவறு இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கையெழுத்துப் போடும் முன் கேட்டுக்கொள்வது நல்லது என்று நினைக்கிறேன்.

தாணே வெங்கட்

குமரன் அவர்களே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. பூங்காவின் பரப்பு சுமார் 103 சதுர கிலோமீட்டர். மூன்று பக்கமும் நகரம் நெருக்குகிறது. அதற்குள் ஐம்பதுக்கு மேற்பட்ட சிறுத்தைகள் இருந்தால் அவை வெளியே வராமல் என்ன செய்யும்? 2022 தீபாவளியன்று பூங்காவை ஒட்டிய ஆரேயில் சிறுத்தை தாக்கி ஒரு பச்சைக் குழந்தை இறந்ததை நாம் மறந்துவிட முடியாது. என் பெயரன் மாலை ஏழு மணிக்கு வளாகத்தில் சைக்கிள் ஓட்டுகிறான். விலங்குகள் மீது எனக்கும் பரிவு உண்டு. ஆனால் அந்தப் பரிவின் விலையை யார் தருகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். தாராளமாக எழுதுங்கள்.

கார்விப்பூ

இருவருக்கும் வணக்கம். போரிவலிப் பக்கத்தில் வசிக்கிறேன். பல ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவுக்குள் இயற்கை நடைக்கு வருபவர்களை அழைத்துச் செல்லும் தன்னார்வலர்களில் ஒருத்தி. வெங்கட் ஐயாவின் அச்சம் நியாயமானது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த அச்சத்துக்கு நீங்கள் கேட்கும் மருந்து, நோயை வளர்க்கும் மருந்து.

புனே மாவட்டத்து ஜுன்னர் பகுதியில் இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். 2001 முதல் 2003 வரை அங்கே கரும்புத் தோட்டங்களில் நடமாடிய நூற்றுக்கும் மேற்பட்ட சிறுத்தைகளைப் பிடித்து, பெரும்பாலானவற்றை வேறு காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். அதற்கு முன் ஆண்டுக்குச் சராசரியாக 4 பேர் தாக்கப்பட்டிருந்த அந்தப் பகுதியில் அந்த எண்ணிக்கை 17-ஆக உயர்ந்தது என்று வன உயிரின ஆய்வாளர் வித்யா அத்ரேயாவும் அவருடன் பணியாற்றியவர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். காரணம் எளிதானது. சிறுத்தைக்குத் தன் இடம் எது, அங்கே மனிதர்கள் எந்நேரத்தில் எந்த வழியில் போவார்கள், எந்த வீட்டு நாய் கட்டப்பட்டிருக்கும் என்பதெல்லாம் தெரியும். அந்த அறிவால்தான் அது நம் கண்ணில் படாமல் பல காலம் வாழ்கிறது. அதைப் பிடிக்கும்போது கூண்டுக் கம்பியில் மோதிப் பல்லை உடைத்துக்கொள்கிறது. பிறகு முன்பின் தெரியாத ஊரில், இன்னொரு சிறுத்தையின் எல்லைக்குள் இறக்கிவிடப்படுகிறது. அது அங்கே இருக்காது, திரும்பி நடக்கத் தொடங்கும். இங்கே காலியான இடத்துக்கோ, எல்லை தேடி அலையும் இளம் ஆண் சிறுத்தை ஒன்று வந்து சேரும். பழக்கமான ஒன்றைக் கொடுத்துப் பழக்கமில்லாத இரண்டை வாங்கிக்கொள்வதுதான் இந்த இடமாற்றம். 2004-இல் மும்பையில் தொடர்ச்சியாக உயிர்ப்பலி நேர்ந்ததே, அதற்கும் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட சிறுத்தைகள் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

அஜோபா என்று பெயரிடப்பட்ட சிறுத்தையின் கதையை இங்கே சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். 2009-இல் அகமதுநகர் மாவட்டத்தில் கிணற்றில் விழுந்த அதை மீட்டு, கழுத்துப்பட்டை கட்டி, மால்ஷேஜ் கணவாய்ப் பக்கம் விட்டார்கள். அது ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நடந்து, காசாரா ரயில் நிலையத்தைக் கடந்து, வசாய் கடற்கழியை நீந்தி, நம் பூங்காவின் வடக்கு ஓரத்துக்கு வந்து சேர்ந்தது. வழியில் ஒருவரையும் அது தாக்கவில்லை. 2011-இல் நெடுஞ்சாலையில் வண்டி மோதி இறந்தது. "தொலைவில் உள்ள ஏதாவது பெரிய காடு" என்று உங்கள் கூட்டத்தில் சொன்னவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், குமரன்.

முலுண்டு குமரன்

நன்றி அம்மா. இதை எங்கள் குழுவில் அப்படியே போடுகிறேன். ஆனாலும் கூட்டத்தில் ஒருவர் கேட்ட கேள்வி மனத்தில் நிற்கிறது. பாதுகாப்பு என்பது பூங்கா எல்லைக்குள்தானே, வெளியே வந்துவிட்டால் அது சாதாரணத் தெருவிலங்குதானே என்றார். கொல்லச் சொல்லவில்லையே, பிடிக்கத்தானே சொல்கிறோம், அதற்கென்ன தடை என்றும் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை.

ஏட்டுச்சுரைக்காய்

நான் வழக்கறிஞர், பெயரைப் பார்த்து யாரும் முந்திக்கொள்ள வேண்டாம், நானே வைத்துக்கொண்டதுதான்.

அந்த நண்பர் இரண்டு வேறு பாதுகாப்புகளை ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருக்கிறார். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இனத்தின் பெயரால் ஒரு பாதுகாப்பையும், இடத்தின் பெயரால் இன்னொன்றையும் தருகிறது. சிறுத்தை முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. அந்தப் பாதுகாப்பு அதன் தோலோடு ஒட்டியது. அது பூங்காவுக்குள் துளசி ஏரிக்கரையில் நின்றாலும், உங்கள் தண்ணீர்த் தொட்டி மேல் நின்றாலும், தாராவி சந்துக்குள் வந்து நின்றாலும் மாறாது. மலைப்பாம்பு, உடும்பு, விஹார் ஏரியில் இருக்கும் முதலை ஆகியவையும் முதல் அட்டவணையில் உள்ளவையே. மழைக்காலத்தில் சாக்கடை மூடிக்கு அருகில் உடும்பைப் பார்த்துக் கம்பெடுக்கும் பழக்கம் நம்மவர்களிடம் இன்றும் இருக்கிறது. அது மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறைக்குரிய குற்றம். ஏழு ஆண்டு வரை போகலாம், அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

இனி, பிடிப்பது பற்றி. சட்டத்தின் இரண்டாம் பிரிவில் "வேட்டை" என்ற சொல்லுக்குத் தந்திருக்கும் விளக்கத்தைப் படித்தால் பலருக்கு வியப்பாக இருக்கும்: கொல்வது மட்டுமன்று, பிடிப்பதும், கண்ணி வைப்பதும், இரை காட்டி இழுப்பதும், விரட்டுவதும், இவற்றுக்கு முயல்வதும் வேட்டையே. ஆகவே கூண்டு வைப்பது சட்டத்தின் கண்ணில் வேட்டை. அதற்கு அனுமதி தரும் அதிகாரம் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு உண்டு. ஆனால் அந்த விலங்கு மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்டது, அல்லது மீள முடியாத நோயிலோ ஊனத்திலோ இருக்கிறது என்று அவர் காரணத்தை எழுதிப் பதிய வேண்டும். குப்பை மூலையில் இரண்டு நிமிடம் நின்றதும், ஒரு நாயைக் கொண்டுபோனதும் அந்த வரையறைக்குள் வராது. உங்கள் கடிதம் போனால், "மனித உயிருக்கு ஆபத்து நேர்ந்ததா?" என்ற ஒரே கேள்வியோடு திரும்பி வரும்.

இதை எழுதும்போது இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 2022-இல் சட்டத்தைத் திருத்தி, ஆறு அட்டவணைகளை நான்காகச் சுருக்கினார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. காகம், எலி, பழந்தின்னி வௌவால் எல்லாம் தீங்குயிரிகள் என்று இருந்த பழைய ஐந்தாம் அட்டவணை இப்போது இல்லை. மூன்றாவது அட்டவணை செடிகளுக்கு. நம் நீலக்குறிஞ்சி அதில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த, இந்தப் பூங்காவின் மலைச்சரிவெங்கும் நிற்கும் கார்வி அதில் இல்லை. ஆனால் அதற்காக யாரும் அரிவாளோடு போய்விட முடியாது. தேசியப் பூங்காவுக்குள் எந்தச் செடியையும், பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அனுமதியின்றி அழிக்கவோ எடுக்கவோ கூடாது என்று 35-ஆம் பிரிவு தடுக்கிறது. சிறுத்தைக்கு எல்லை வேண்டியதில்லை, பெயர் போதும். கார்விக்குப் பெயர் இல்லை, எல்லைதான் எல்லாம். எல்லை ஒரு முழம் உள்ளே தள்ளினால் கார்விக்குப் போக்கிடம் இல்லை.

தாணே வெங்கட்

சட்ட விளக்கத்துக்கு நன்றி. ஆனால் என் கேள்விக்கு விடை வரவில்லை. 35, 47, 54. இது ஏறுமுகமா, இல்லையா? ஏறுமுகம் என்றால் காப்பாற்றும் வேலை முடிந்துவிட்டது. இனி மனிதர்களைக் காப்பாற்றும் வேலையைத் தொடங்கலாம்.

கார்விப்பூ

ஐயா, அந்த எண் எப்படிக் கிடைக்கிறது என்பதைச் சொன்னால் அதை எவ்வளவு இழுக்கலாம் என்பது தெரியும்.

காட்டுப் பாதையின் இரு பக்கமும், முழங்கால் உயரத்தில், எதிரெதிராக இரண்டு தானியங்கிக் கேமராக்களைக் கட்டுவார்கள். உடல் வெப்பமும் அசைவும் பட்டதும் இரண்டும் ஒரே நேரத்தில் படம் எடுக்கும். எதற்கு இரண்டு என்றால், சிறுத்தையின் தோலில் பூப்போல் சேர்ந்திருக்கும் புள்ளிகளின் கோலம், அதாவது பூக்கோலம், இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றல்ல. இடப்பக்கத்தை மட்டும் வைத்திருப்பவர், நாளை வலப்பக்கம் காட்டி வரும் அதே விலங்கை இன்னொன்று என்று எண்ணிவிடுவார். ஒரு முறை எனக்கு அந்தப் படங்களைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. தோள்பட்டைக்குக் கீழே மூன்று புள்ளிகள் சேர்ந்து அடுப்புக்கல் வைத்தாற்போல் இருந்த ஒரு பெண் சிறுத்தையை, நான்கு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களில் கண்டுபிடிக்க எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. இப்படித் தனித்தனியாக அடையாளம் கண்டவற்றின் எண்ணிக்கையே நீங்கள் சொல்வது. கேமரா எத்தனை இடத்தில் வைத்தார்கள், ஆரேயில் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதைப் பொறுத்தும் அது கூடும், குறையும். ஆகவே 47-க்கும் 54-க்கும் நடுவே ஒரு கோட்டை இழுத்துக் காடு நிரம்பி வழிகிறது என்று முடிவு கட்ட முடியாது.

ஆனாலும் எண்ணிக்கை குறைவன்று என்பது உண்மை. நூறு சதுர கிலோமீட்டருக்கு இருபதுக்கு மேல் என்பது எந்தக் காட்டுக்கும் மிக நெருக்கமான கணக்கு. அந்த நெருக்கத்தைத் தாங்கும் அளவுக்குக் காட்டுக்குள் புள்ளிமானும் கடமானும் இருக்கின்றனவா என்றால், அவை மட்டும் தாங்கவில்லை. 2015 ஆய்வில் சிறுத்தையின் எச்சத்தைப் பிரித்துப் பார்த்தபோது, அது தின்றவற்றின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு நாய்களாக இருந்தது. நாய் எங்கிருந்து வருகிறது? நம் குப்பையிலிருந்து வருகிறது. சுவரோரம் மீந்த சோற்றைக் கொட்டுகிறோம், நாய் பெருகுகிறது, நாயைத் தேடிச் சிறுத்தை வருகிறது. 54 என்ற எண் காட்டின் நலத்தை எவ்வளவு காட்டுகிறதோ அவ்வளவு நம் குப்பை மூலைகளின் செழிப்பையும் காட்டுகிறது. குமரன், உங்கள் காட்சியில் அது வேறெங்கும் நிற்காமல் தொட்டிகளுக்கு அருகில் மட்டும் இரண்டு நிமிடம் நின்றதைக் கவனித்தீர்களா?

இதற்கு மறுபக்கமும் உண்டு. இந்தச் சிறுத்தைகள் ஆண்டுக்குச் சுமார் 1,500 தெருநாய்களைத் தின்பதால் ஏறக்குறைய ஆயிரம் நாய்க்கடிகள் தவிர்க்கப்படுகின்றன என்று 2018-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை மதிப்பிட்டது. மதிப்பீடுதான், ஆனால் வெறிநாய்க்கடி ஊசிக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அந்தக் கணக்கு புரியும்.

வெங்கட் ஐயா, நீங்கள் கோட்பந்தர் சாலைப் பக்கம் குடியிருப்பதாக வேறோர் இழையில் எழுதியிருந்தீர்கள். பூங்காவின் வடக்குத் துண்டான நாக்லாவையும் அதற்கப்பாலுள்ள துங்காரேஷ்வர் சரணாலயத்தையும் முதன்மைக் காட்டிலிருந்து வெட்டுவது அந்தச் சாலைதான். எல்லை தேடிப் புறப்படும் இளம் சிறுத்தைக்கு வடக்கே அது ஒன்றே வழி. அந்த வழி அடைபட்டால் அது முலுண்டுப் பக்கம் திரும்பும். கடக்கும் வழியைக் கேட்டு எழுதும் கடிதம் என்றால் முதல் கையெழுத்து என்னுடையது.

வால்பாறைப் பெண்

நான் பிறந்தது வால்பாறையில், தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில். இப்போது கோரேகாவில் இருக்கிறேன். எங்கள் ஊரில் சிறுத்தையைப் புலி என்றே சொல்லுவோம். நிஜப் புலி வந்தால் பெரும்புலி. மாலை ஆறு மணிக்குப் பிறகு பிள்ளைகள் தனியாக வெளியே போகக் கூடாது, கழிப்பறைக்குப் போனாலும் பெரியவர் ஒருவர் விளக்கோடு வர வேண்டும், வாசலில் ஆட்டு எலும்பு போடக் கூடாது. இதற்கு மேல் பெரிய அறிவியல் எதுவும் எங்களுக்குத் தெரியாது. இவ்வளவு இருந்தும் அங்கேயும் குழந்தைகள் பலியாகியிருக்கிறார்கள் என்பதை மறைக்க மாட்டேன். ஒன்று மட்டும் கவனித்திருக்கிறேன்: குனிந்தோ குந்தியோ இருப்பவர்களிடம்தான் ஆபத்து நெருங்குகிறது. நிமிர்ந்து நிற்கும் ஆளை அது இரையாகப் பார்ப்பதில்லை. பூங்காவை ஒட்டிய பாடாக்களில், அதாவது பழங்குடிக் குடியிருப்புகளில், வெளிச்சமும் வீட்டோடு ஒட்டிய கழிப்பறையும் இல்லாதவர்கள்தான் அதிகம் அஞ்ச வேண்டியவர்கள். பதினான்காம் மாடியில் சிசிடிவி பார்ப்பவர்கள் அல்லர். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மாட்டுங்கா பழையவர்

விவாதம் நல்ல முறையில் போகிறது. ஆனால் தலைப்பு சிறுத்தையைவிட்டு நகரவே இல்லை என்பதால் கிழவன் குறுக்கிடுகிறேன். முதலில் ஒரு சொல் திருத்தம்: எங்கள் கட்டடத்தில் ஒருவர் இந்த இழையைப் படித்துவிட்டு, ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்தில் விட்ட விலங்குதானே என்று கேட்டார். அது சிவிங்கி. கன்னத்தில் கண்ணீர்க் கோடு உள்ளது, உடலில் தனிப்புள்ளி. சிறுத்தைக்குப் பூக்கோலம். நம் செய்தித்தாள்களே இரண்டையும் போட்டுக் குழப்புகின்றன.

நான் கல்லூரியில் விலங்கியல் பாடம் நடத்தியவன். 1970-களிலிருந்து அந்தக் காட்டுக்குள் போய் வருகிறேன். கிருஷ்ணகிரி என்றும், போரிவலி பூங்கா என்றும் சொல்லிக்கொண்டிருந்த இடத்துக்கு 1996-இல்தான் இன்றைய பெயர் வந்தது. பூங்காவுக்குள் இருக்கும் கான்ஹேரியில் நூற்றுக்கும் மேற்பட்ட குகைகளைக் குடைந்த பௌத்தத் துறவிகள், பல குகைகளின் வாசலில் மழைநீர்த் தொட்டி வெட்டி வைத்தார்கள். வெள்ளைக்காரன் 1860-இல் விஹார் ஏரியையும் 1879-இல் துளசி ஏரியையும் அதே மழையை நம்பித்தான் கட்டினான். அந்த இரண்டு ஏரிகளின் நீர் இன்றும் நகரத்துக்கு வருகிறது. இவ்வளவையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தக் காட்டைச் சிறுத்தைக் கொட்டடியாக மட்டும் பார்க்கக் கூடாது என்பதற்காக.

ஏட்டுச்சுரைக்காய் கார்வியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். நான் கொஞ்சம் நின்று சொல்கிறேன். குறிஞ்சிக்குப் பன்னிரண்டு ஆண்டு என்றால் கார்விக்கு எட்டு ஆண்டு. இந்தப் பூங்காவில் 2008, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் பூத்தது. 2016 செப்டம்பரில் கான்ஹேரிக்கு மேலே உள்ள சரிவில் ஏறினேன். ஆள் உயரப் புதர், இலையைத் தடவினால் பூனையின் நாக்குபோல் சொரசொரப்பு. கண்ணுக்கெட்டிய வரை ஊதாமணிகள். தேனீயின் இரைச்சல் எவ்வளவு என்றால், அருகில் வந்த என் மாணவன் பேசியது எனக்குக் காதில் விழவில்லை. பூத்து முடிந்ததும் அந்தத் தலைமுறை முழுவதும் ஒருசேரப் பட்டுப்போகும். காய்கள் காய்ந்த தண்டிலேயே ஒட்டிக்கொண்டு அடுத்த கோடை முழுவதும் காத்திருக்கும். முதல் மழை நனைத்ததும் படபடவென்று வெடிக்கும். பொரி வறுக்கும் சட்டிக்கு மூடி போட்டாற்போல் சரிவு முழுதும் சத்தம். இங்குள்ள பழங்குடிகளான வார்லிகள் அதன் தண்டைப் பின்னிச் சுவராக்கி, சாணமும் மண்ணும் பூசி வீடு கட்டுவார்கள். காட்டோரம் வாகோபா என்று புலித்தெய்வத்துக்குக் கல் நட்டு வைத்திருப்பவர்களும் அவர்களே, வாகோபா சாமி புலியா சிறுத்தையா என்று நான் கேட்டதற்கு, "இரண்டும்தான், உங்களுக்கு எதற்கு அந்தக் கவலை?" என்றார் ஒரு பாட்டி.

இந்தக் கார்வி ஒரு சரிவில் ஒருமுறை அழிந்தால், பக்கத்துச் சரிவிலிருந்து விதை வந்து முளைத்துப் பூக்க எட்டு மழை வேண்டும். நடுவே ஏழாவது ஆண்டில் யாராவது அங்கே மண்ணை வெட்டிவிட்டால் கணக்கு மறுபடி பூச்சியத்துக்கு வரும். சிறுத்தை நம் குப்பையை அண்டிப் பிழைத்துக்கொள்ளும்; குரங்கும் பிழைத்துக்கொள்ளும். கார்வியால் முடியாது. ஆரேயில் கண்டெடுத்து 2010-இல் லைக்காஸ் ஆரேயென்சிஸ் என்று பெயரிட்டார்களே, விரல் நீளம்கூட இல்லாத அந்தத் தேள், அதனாலும் முடியாது. இரவில் மட்டும் வெளியே வரும், வீட்டுப் பூனையைவிடச் சிறிய செம்புள்ளிப் பூனை நம் பூங்காவின் கேமராவில் பதிவாகியிருக்கிறது. மும்பையில் எத்தனை பேருக்கு அது இருப்பதே தெரியும்? சருகுமான் ஒன்றைப் பார்ப்பதற்கு நான் இருபத்திரண்டு ஆண்டு காத்திருந்தேன், பார்த்தது மூன்று நொடி. ஆகவே காடு நன்றாக இருக்கிறதா என்று கேட்டு 54 என்று விடை சொல்லாதீர்கள், வெங்கட். நம்மை அண்டிப் பிழைக்கத் தெரியாதவை எத்தனை மிச்சம் என்று எண்ணுங்கள்.

தம்பி குமரன், கடிதம் எழுதத்தான் வேண்டும் என்றால் எழுதுங்கள். ஆனால் எதைக் கேட்டு எழுதுவது என்பதை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஏட்டுச்சுரைக்காய்

பழையவர் ஐயாவுக்கு ஒரு சிறு துணைக்குறிப்பு. பூங்காவைச் சுற்றிச் சூழல் உணர்திறன் மண்டலம், அதாவது கட்டுமானம் போன்றவற்றுக்குக் கட்டுப்பாடு உள்ள பகுதி, என்று 2016 டிசம்பரில் அறிவித்தார்கள், 59.46 சதுர கிலோமீட்டர், அகலம் சில இடத்தில் 100 மீட்டர், சில இடத்தில் 4 கிலோமீட்டர். 2020-இல் ஆரேயில் 812 ஏக்கரைக் காப்புக்காடாக்கும் நடவடிக்கையும் தொடங்கியது. அந்தத் தேள் வாழும் நிலத்துக்குப் பாதுகாப்பு வந்தது இப்படித்தான். முலுண்டு குமரனின் சொசைட்டி அந்த மண்டலத்துக்குள் வருகிறதா என்பதை வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்; வருகிறது என்றால் பின்பக்கச் சுவரில் கம்பிவேலியை உயர்த்துவதற்கும், இரவில் காட்டை நோக்கிப் பெருவிளக்கு வைப்பதற்கும் முன் கேட்டுக்கொள்வது நல்லது.

முலுண்டு குமரன்

அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு மறுபடி கூடினோம். இந்த இழையை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். இரண்டு குடும்பங்கள் இன்னும் கூண்டுதான் வேண்டும் என்கிறார்கள். அவர்கள் வீட்டில் சிறு குழந்தைகள் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

கடிதத்தில் கூண்டு கேட்கவில்லை. சிறுத்தை வந்த நாள், நேரம், வந்த வழி ஆகியவற்றை மட்டும் எழுதி, குடியிருப்பவர்களுக்கு ஒரு மாலை வந்து விளக்கிச் சொல்லும்படி கேட்டிருக்கிறோம். வனத்துறை உதவி எண் 1926-ஐ லிப்டுக்குள் ஒட்டிவிட்டோம். குப்பைத் தொட்டிகளைப் பின்சுவரிலிருந்து முன்வாயிலுக்கு மாற்றிவிட்டோம், இரும்பு மூடி திங்கட்கிழமை வருகிறது. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே சாய்ந்திருந்த புங்கக் கிளையைக் கழித்தாயிற்று. வாட்ச்மேனுக்கு இரவில் இருவராகச் சுற்றும்படி இன்னோர் ஆளை வைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டோம்; மாதச் செலவைக் கேட்டதும் பாதிப் பேர் மௌனமாகிவிட்டார்கள். இப்போதைக்கு அவருக்குச் சுவரோடு ஒட்டிய கம்பிக்கதவு போட்ட அறை ஒன்றைத் திறந்துகொடுத்திருக்கிறோம்.

மீதம் இருப்பது மூன்றாம் மாடி மாமி. அவர் தினமும் இரவு ஒன்பது மணிக்கு ஆறு நாய்களுக்குத் தயிர்சாதம் வைக்கிறார். அவரிடம் யார் பேசுவது என்று தெரியவில்லை.

தாணே வெங்கட்

கூண்டு பற்றிய என் கருத்து முழுதாக மாறவில்லை. ஆனால் சாலையைக் கடக்கும் வழி கேட்டு யாராவது கடிதம் எழுதினால் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; இரவில் அந்தச் சாலையில் வண்டிகள் போகும் வேகத்தை நான் தினமும் பார்க்கிறேன். பெயரனை ஆறரை மணிக்கே மேலே கூப்பிட்டுக்கொள்கிறேன்.

கார்விப்பூ

குமரன், மாமியிடம் நான் பேசுகிறேன். நேரத்தைக் காலை எட்டுக்கு மாற்றி, வாயில் பக்கம் வைக்கச் சொன்னால் போதும். நிறுத்தச் சொன்னால் கேட்க மாட்டார். கடிதத்தின் மராத்தி மொழிபெயர்ப்பை இன்று இரவு அனுப்புகிறேன்.